ஒட்டத் தேவையில்லாத ஐந்து பைசா

கோத்தகிரியில் ஜூன் பிறந்தால்
கோந்து தானாகவே நாக்கு நீட்டும்.
தபால் தலைகளை அரிசியோடு டப்பாவில் அடைத்து வைக்கிறேன்.
பூஞ்சைக்கு அணாவும் பைசாவும் ஒன்றுதான்,
எல்லாவற்றையும் ஒரே விலைக்குத் தின்கிறது.

என் பதினாறு தாள்களில்
அஞ்சலட்டையின் கட்டணம் ஏறிக்கொண்டே வருகிறது,
மேட்டுப்பாளையம் பஸ் மாதிரி,
வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கி.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதில் காலணா.
நாற்பது வருஷத்துக்கு மேல் அதே காலணா;
ஒரு மகாயுத்தம் வந்து போயும் அசையவில்லை.
இருபத்திரண்டில் அரையணா.
முப்பத்தொன்றின் கடைசியில் முக்கால்.
(ஒரு தோட்டத்துத் துரை, முக்காலணா அட்டையில்,
வெலிங்டன் கடைக்காரனிடம் நாய் பிஸ்கட் கடன் கேட்கிறான்.
மூன்று வரி. இரண்டு கெஞ்சல்.)
ஐம்பத்தேழில் அணா செத்தது; ஐந்து நயா பைசா.
அந்த ஏப்ரலில் கட்டபெட்டுக்காரர் ஒருவர்
எதற்கும் இருக்கட்டும் என்று
பழைய அட்டையில் இன்னொரு தலையும் ஒட்டியிருக்கிறார்.
அறுபத்தெட்டில் பத்து.

பத்தாம் தாளில்தான் தகராறு.

ஊட்டிக் கண்காட்சியில் நடுவர் இன்னாசிமுத்து
பூதக்கண்ணாடியோடு நெடுநேரம் குனிந்திருந்தார்.
"மிஸ்டர் போஜன், இது இங்கே சேராது.
அகதி நிவாரண வரி கவருக்கு உண்டு, இன்லண்டுக்கு உண்டு,
கார்டுக்குக் கிடையாது.
கட்டணம் பத்து. இதில் இருப்பது பதினைந்து.
மூன்று மார்க் குறைக்கிறேன்."

அவர் சொன்னது சரி. விதி எனக்கும் மனப்பாடம்.
எழுபத்தொன்று நவம்பரிலிருந்து எழுபத்துமூன்று மார்ச் வரை
வங்காளத்து அகதிகளுக்காகக்
கடிதத்துக்குக் கடிதம் ஐந்து பைசா;
ஏழையின் கார்டை மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஆனால் நடுவர் பார்த்தது தலை ஒட்டிய பக்கம்.
சட்டகத்துக்குள் இருந்தால் மறுபக்கம் தெரியாது.
காப்பியிங் பென்சில், எச்சில் தொட்டு எழுதிய ஊதா:

"தம்பி அழகப்பனுக்கு அக்கா செம்பாயி எழுதிக்கொண்டது.
தோட்டத்தில் பேர் பதிஞ்சாச்சு. லயம் ஒழுகுது.
குளிர் நம்ம நுவரெலியாக் குளிர்தான்,
கம்பளியை வித்துப்போடாதே.
முகாம் ஆபீசர் கேட்டா கோத்தகிரின்னு சொல்லு.
இங்கே தபாலாபீஸ்ல அகதி ஸ்டாம்புன்னு ஒண்ணு இருக்கு.
கார்டுக்கு வேண்டாம்னாரு.
அகதின்னா நாமதானே,
ஒட்டினா வெரசாப் போவும்னு ஒட்டிட்டேன்."

போனது. மண்டபம் முகாம் முத்திரை, மூன்றாம் நாள்.
மேலே குறுக்காக யாரோ எழுதியது: ஆள் புறப்பட்டாயிற்று.
எங்கே என்று எழுதவில்லை.
மறுபடி கோத்தகிரி முத்திரை.

சேகரிப்பவனுக்கு இது விருந்து. சொல்ல வெட்கம்தான்.
திரும்பி வந்த அட்டை, இரண்டு ஊர் முத்திரை,
தேவையில்லாத தலை, அதுவும் கோணலாக அச்சேறியது.
பழைய இரும்புக் கடையில்
தடுப்பூசிச் சீட்டுகளுக்கு நடுவே கிடந்தது;
எழுநூறு கேட்டான்,
கறை இருக்கிறது என்று நானூறுக்கு அடித்துப் பேசினேன்.
கறை, ஊதா கலைந்த இடம்.

சில வருஷம் போய் அரசாங்கமே
கார்டுக்குப் பதினைந்து பைசா என்றது.
செம்பாயி முன்கூட்டியே கட்டிவிட்டாள்
என்று இன்னாசிமுத்துவிடம் சொல்லியிருக்கலாம்.
அப்போது தோன்றவில்லை.

இன்று கார்டு ஐம்பது பைசா.
ஐம்பது பைசாவை ஒரு கடையும் தொடுவதில்லை,
எனவே ஜோடியாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.
நேற்று ஒரு ரூபாய்க்கு இரண்டு வாங்கினேன்.
ஒன்றில் நடுவருக்கு எழுதினேன்:
மூன்று மார்க்கையும் வைத்துக்கொள்ளுங்கள்,
தாளை மாற்றப்போவதில்லை.
குறிப்பை மட்டும் திருத்தியிருக்கிறேன்.
கட்டணம்: பத்து. கட்டியது: பதினைந்து.

மற்றது மேஜைமேல் கிடக்கிறது.
ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்துவிட்டது;
அட்டையின் ஓரம் மெல்ல வளைகிறது.